கருகிய இஞ்சி கேக்

"அப்பா, சூட்டைக் குறைங்க. வெல்லப்பாகு ஊத்தின மாவு, சட்டுன்னு அடிப்பிடிக்கும்னு அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க."

அப்பா ஓவனின் குமிழைத் திருகிச் சூட்டை இன்னும் கூட்டி வைத்தார். விடுமுறைக்கு வந்திருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். காலையில் போட்ட இஞ்சி கேக்கும் இப்படித்தான் கரியாகிக் குப்பைக்குப் போனது.

"உங்களுக்கு இது ஒத்து வராதுப்பா. கடையில வாங்கிக்கலாம்."

"கடை கேக் எதுக்கும் உதவாதும்மா."

ஓவனிலிருந்து புகை கிளம்பியது. அணைக்கப் போனவளின் கையை அப்பா இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் பார்வை மூடியிருந்த உள்ளறைக் கதவிலேயே இருந்தது.

"கொஞ்சம் பொறு. நல்லாக் கருகட்டும்."

புகை கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது. சற்று நேரத்தில் கரகரத்த குரல் ஒன்று வந்தது.

"நான் ஒருத்தி எட்டிப் பாக்கலைன்னா, இந்த வீட்டுல ஒரு கேக் உருப்படாதா?"

மகள் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அம்மா வாயே திறக்கவில்லை. டாக்டர்களும் கைவிரித்திருந்தார்கள்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு கருக்குற அளவுக்கு மாவு இருக்கு."