விளக்கடியில் வாசிப்பு

ஃபீனிக்ஸ் வெயிலிலும் டார்லின் ஸ்வெட்டருக்குள் நடுங்கினாள். மின்சாரம் மிச்சமாகட்டுமென்று வீட்டுச் சூட்டை அளந்து ஏ.சி.யை இயக்கும் சுவர்க் கருவியை அவள் பெட்டிக்குள் பூட்டிய பிறகும், ஏ.சி. ஓயவேயில்லை.

"புதுசு வாங்கினா இந்த வருஷம் சான் டியாகோ கடற்கரைப் பயணம் கிடையாது. மாத்தியே ஆகணுமா?" என்று கேட்டாள்.

"மெஷின்ல குறையே இல்லீங்க," என்றார் மெக்கானிக் ஒர்லாண்டோ. "பெட்டிய யாராவது திறந்தாங்களா?"

"சாவி என் கழுத்துல. முன்னெல்லாம் குளிரைக் கூட்டிக்கிட்டே இருந்த என் வீட்டுக்காரர் லைலும் பாவம், திருந்திட்டார். இப்பல்லாம் பெட்டிக்குக் கீழ விளக்கு வெச்சு ஒரே படிப்புதான்!"

ஒர்லாண்டோ அந்தக் குண்டு பல்பருகே கையை நீட்டிச் சிரித்தார். "இந்தச் சூட்டுல வீடே கொதிக்குதுன்னு கருவி நம்பிடுச்சு. ஏ.சி. எப்படி நிக்கும்?"

டார்லின் விளக்கடியில் கிடந்த லைலின் புத்தகத்தைப் பிரித்தாள். படித்த இடத்தைக் குறிக்கும் அட்டை முதல் பக்கத்திலேயே இருந்தது.

"லைல்!"

"பெட்டியத் தொடாதேன்னுதானே சொன்ன, செல்லம்? நான் தொடவே இல்லையே!"