ஜன்னலோர அரை டிக்கெட்

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரெண்டு முழுசு, ஒரு அரை" என்றான் நஸ்ருதீன்.

"பாப்பாவுக்கு எத்தன வயசு?" டிக்கெட்டைக் கிழித்தபடியே கேட்டார் கண்டக்டர் சிவபாண்டி.

"ஆறு. ஜன்னலோரமா உக்காந்திருக்கா."

ராஜபாளையத்தில் கிளம்பும்போதே பஸ்ஸில் நிற்க இடமில்லை. கூடையோடு நின்றிருந்த ஒரு பெண் சத்தம் போட்டாள். "ஏ கண்டக்டரு, இங்க பாரும். மனுசி நிக்கேன், பொம்மைக்கு ஒரு சீட்டா?"

சிவபாண்டி எட்டிப் பார்த்தார். ஜன்னலோரத்தில் குழந்தை இல்லை. ஒரு காது பிய்ந்த துணி முயல்தான் இருந்தது. பக்கத்திலிருந்த நஸ்ருதீனின் மனைவி சௌதா அதன் மேல் கை போட்டிருந்தாள்.

"ஹஃப்ஸா, கைய வெளிய நீட்டாத தங்கம்" என்று முயலிடம் சொன்னாள்.

"வெளாடுதியளா? அத எடுத்து மடியில வைங்க" என்றார் சிவபாண்டி.

நஸ்ருதீன் சட்டென்று எழுந்து, தன் இடத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தான். கண்டக்டரைப் பின்வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அவன் நகர்ந்ததும் சௌதாவின் பேச்சும் நின்றுபோனது. முயல் மேலிருந்த கையை எடுத்துவிட்டு, நேரே வெறித்தபடி இருந்தாள்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய" என்றான் நஸ்ருதீன். "எம் மவ ஹஃப்ஸா காய்ச்சல்ல போயி ஒரு வருசமாச்சு. இருந்த வரைக்கும் அவ பிளவக்கல் டேமுக்குப் போனாலும் சரி, எங்க அக்கா வீட்டுக்குப் போனாலும் சரி, இந்த முயலு இல்லாம பஸ் ஏறமாட்டா."

"அடப்பாவமே."

"அவ போன பொறவு, என் வீட்டுக்காரி முயலத்தான் ஹஃப்ஸான்னு நெனச்சுப் பேசுதா. சோறூட்டுதா. பொம்மைன்னு எப்படிச் சொல்ல? உசுர விட்டுருவாளோன்னு பயமா இருக்கு. அதான் நானும் டிக்கெட் எடுக்கேன்."

சிவபாண்டி அவன் தோளைத் தட்டிவிட்டு முன்னே போனார். அதற்குப் பிறகு அந்த ஜன்னலோரத்துக்கு யார் வந்து கேட்டாலும், "அது பிள்ள சீட்டு" என்று விலக்கிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. ஆட்டோ பிடிக்க நஸ்ருதீன் முதலில் இறங்கி ஓடினான். முயலோடு படிக்கு வந்த சௌதாவைப் பார்த்து, சிவபாண்டி குரலைக் கனிவாக்கிக்கொண்டார்.

"பாப்பா, பாத்து இறங்கும்மா."

சௌதா அப்படியே நின்றாள். ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். பிறகு கண்டக்டர் பக்கம் குனிந்தாள்.

"எம் மவ மையத்தாங்கொல்லையில மண்ணுக்குள்ள கெடக்கா அண்ணாச்சி. இது பொம்மைதான். அவிய மனசு அத ஏத்துக்கிடாதுன்னுதான் நானும் இதத் தூக்கிட்டுத் திரியுதேன்."

கண்ணை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு அவியகிட்ட மட்டும் சொல்லிராதிய."