தொட்டால் ஓரடி

கலப்புச் சண்டைக் கூண்டுக்குள் இசக்கிராணியின் உதை எதிராளியின் விலாவில் பொளேரென்று விழுந்தது. விழுந்ததுமே அவள் ஓரடி பின்வாங்கி நின்றாள். பதினோரு வருடச் சிலம்பப் பழக்கம் அது. கம்பு உடம்பைத் தொட்டால் புள்ளி. தொட்டவர் விலகி நிற்க வேண்டும், நடுவர் எண்ணுவார். இங்கே கம்பும் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் ஆட்டத்தை நிறுத்துவாரும் இல்லை. அவள் விட்ட இடைவெளியில் அந்த மல்யுத்தக்காரி பாய்ந்து, அவளைத் தூக்கித் தரையில் அறைந்தாள். இரண்டு சுற்றிலும் இதே கதை. “நிக்காதட்டி, நிக்காத! எத்தன தடவ சொல்லுதேன், இது சிலம்பம் இல்லட்டி!” என்று வேலிக்கு வெளியே அக்கா செல்வக்கனி தொண்டை கிழியக் கத்தினாள். இசக்கிராணி தலையாட்டினாள். கால்தான் கேட்கவில்லை.

கடைசிச் சுற்றில் அந்தக் கால் மறுபடி சுழன்றது. அவள் பின்வாங்கப்போகும் இடத்தைக் குறிவைத்து எதிராளி தலையை நீட்டிப் பாய்ந்தாள். இசக்கிராணி பின்வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவள் விட்ட குத்து தாடையில் இறங்க, பாய்ந்தவள் மூட்டைபோலச் சரிந்தாள். கூரை அதிர அரங்கம் எழுந்து அலறியது. நடுவர் கைகளை வீசி ஆட்டத்தை முடித்தார். வழக்கம்போல ஓரடி பின்னால் போய் நின்றுவிட்ட தங்கையை ஓடிவந்து கட்டிக்கொண்டாள் செல்வக்கனி. “கடேசில எஞ்சொல்லக் கேட்டுட்டியேட்டி! உதச்சிட்டு நிக்காம அடிச்சிட்டியே!”

இசக்கிராணி மூச்சு வாங்கினாள்.

“அந்த உதை அவ மேல படவே இல்லக்கா.”