சம்பந்தி போட்ட தரை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஜவாஹிர் ஹாஜியார், அவர் மனைவி சகீனா, நிறைமாதக் கர்ப்பிணியான மகள் ருஷ்தா, ருஷ்தாவின் மாமனார் நிலாம்தீன், இன்ஸ்பெக்டர் சுதேஷ், தரை உடைக்கும் அலவாங்குகளோடு இரண்டு பொலிஸ்காரர்கள். வேறு எவரும் இல்லை.

ஹந்தானை மலையடிவாரத்து வீடு அது. மகளின் பிரசவத்துக்காக அந்த அறையைத் திருத்தியிருந்தார்கள். தரை போட்டவர் நிலாம்தீன். வீடு கட்டும் கொந்தராத்துக்காரர்; அதைவிட முக்கியம், சம்பந்தி. மலைநீர் மண்ணுக்குள் ஊறும் இடம் என்பதால், ஈரம் மேலே ஏறாதிருக்கத் தடித்த கறுப்புப் பொலித்தீன் விரித்து, அதன்மேல்தான் கொங்கிரீட் கொட்டியதாகச் சொன்னார். சம்பந்தியின் சொல்லைச் சோதிப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

ஆனாலும் பாய் பூஞ்சணம் பிடித்தது. ருஷ்தாவுக்கு இருமல் விடவில்லை.

“மழைக்காலம்தானே,” என்றார் நிலாம்தீன். ஹாஜியார் மறுத்துப் பேசவில்லை.

இந்த நிலையில்தான் பொலிஸுக்கு யாரோ தொலைபேசியில் துப்புக் கொடுத்தார்: கண்டி நகைக்கடையில் களவுபோன நகைகள் அந்தத் தரைக்குக் கீழே இருக்கின்றன, கறுப்புப் பொலித்தீனில் சுற்றியபடி.

“கோர்ட் ஓடர் இருக்கு,” என்றார் சுதேஷ். “உடைக்கணும்.”

நிலாம்தீனுக்கு வியர்த்தது. “என்னத்துக்கு சேர் உடைக்கிற? நான்தானே போட்ட. கீழ ஒண்டுமே இல்ல.”

“ஒண்டும் இல்லாட்டி ஏன் இப்பிடி வேர்க்குது?”

“ஹாஜியார், நீங்களாவது சொல்லுங்களே. ஒங்கட மானம் போகுது.”

“சட்டத்த நாங்க மறிக்க ஏலா, சம்பந்தி. கதிரைல இரிங்க.”

நிலாம்தீன் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

“பாயப் புழிஞ்சா வரும்,” என்றாள் சகீனா.

அலவாங்கு இறங்கியது. கொங்கிரீட் பிளந்தது. கீழே சொதசொதவென்று மண். நகை இல்லை. பொலித்தீனும் இல்லை, ஒரு கிழிசல்கூட.

“நகைய விடுங்க,” என்றார் சுதேஷ். “பொலித்தீன் எங்க?”

நிலாம்தீன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “நாளைக்கே பொலித்தீன் விரிச்சு, புதுசாப் போட்டுத் தாறேன், ஹாஜியார். என்ட செலவுல.”

“நான் ஒண்டும் கேக்கலியே, சம்பந்தி,” என்றார் ஹாஜியார் பெருந்தன்மையோடு.

பொலிஸுக்குத் துப்புக் கொடுத்தது பொறாமை பிடித்த அயலவர் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய்.

சம்பந்தியைக் கள்ளர் என்று சொல்ல மனம் வராமல், தம் வீட்டையே கள்ளர் வீடு என்று சொன்னவர் ஹாஜியார்தான்.