பெட்ரோல் பங்கில் நின்ற நேரம்

அயர்லாந்தில் நர்ஸ் வேலை வேண்டுமானால் நாளைய ஆங்கிலத் தேர்வில் ஜெபராணி தேறியாக வேண்டும். ஆங்கிலத்தில் பழைய கதையைச் சொன்னாலும் இப்போது நடப்பதுபோலவே சொல்லிவிடுவாள், பாவம். அவள் பேசிப் பழகப் பழக, தப்புக்கு ஒன்றாகக் கணவன் தனசிங் டம்ளரில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் பெட்ரோல் பங்கில் அவளை விட்டுவிட்டு, பின்னால் இருக்கிறாள் என்று நினைத்துப் பேசிக்கொண்டே அவன் வண்டியோட்டிப் போன கதையை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் திரும்பி வருவதற்குள் அவள் அம்மா ஊருக்குப் போகிற பஸ் வந்ததாம். படியில் ஒரு காலை வைத்தேவிட்டாளாம். இது அவனுக்கு இதுவரை தெரியாது. கையிலெடுத்த கொட்டையைப் போடவே இல்லை.

“எத்தன தப்பு?”

“அத விடுட்டீ. பொறவு என்னாச்சி?”

“இங்கிலீசுல கேளுங்க, சொல்லுதேன்.”