காலர் வெட்டிய தாள்

முன்னறை எரிந்த மறுநாள் காலையிலேயே வீட்டுக்காரர் வந்து நின்றார். கூடவே அளவு நாடாவோடு ஒரு இன்ஷூரன்ஸ்காரர். எங்களுக்கு என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

அவருக்கு நாங்கள் வைத்த பேர் பூட்டு. தண்ணி மோட்டார் சுவிட்சுக்குக்கூடப் பூட்டுப் போடுகிற மனுஷன்.

சுவிட்ச் போர்டில் கிளம்பிய தீ. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் தையல் மிஷின் இரண்டும் போச்சு. எங்கள் பிழைப்பே அந்த இரண்டு மிஷின்தான்.

"சார், மிஷினையும் எழுதிக்குங்க" என்றாள் அம்மா.

இன்ஷூரன்ஸ்காரர் நாடாவைச் சுருட்டினார். "இது கட்டட பாலிசிம்மா. வீட்டைக் காலி பண்ணும்போது எதை விட்டுட்டுப் போவீங்களோ, சுவர், கூரை, கதவு, வயரிங், அதுக்குத்தான். கையோட எடுத்துட்டுப் போற சாமானுக்குத் தனியா போடணும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "அப்போ இவரு சுவர் புதுசாயிடும், நாங்க சாம்பலை அள்ளணும். அப்படித்தானே?"

வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்து, "போன மாசம் பாப்பாகிட்ட ஒரு தாள் கொடுத்தேனே, கையெழுத்துக்கு..." என்று இழுத்தார்.

"உங்க வீட்டு இன்ஷூரன்சுக்கு எங்க கையெழுத்து எதுக்கு? நாளைக்கு அதைக் காட்டிக் காலி பண்ணச் சொல்றதுக்கா?" என்றேன் நான்.

சும்மா இருடி என்றாள் அம்மா. நான் எதுக்கு சும்மா இருக்கணும்? தாளின் தலைப்பில் 'வீட்டுக் காப்பீடு' என்று பார்த்த அன்றே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைத்தான் விட்டேன், மூளையை விடவில்லை. அம்மாவிடம் அதைக் காட்டவே இல்லை.

பூட்டு வாயையும் பூட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் எதிர்வீட்டு அக்கா தன் மிஷினைக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் முப்பது சட்டை தைக்க வேண்டும். துணிமேல் வைத்து வெட்ட, தாளில் அளவு வெட்டி சமையலறை ஆணியில் மாட்டியிருந்த பேட்டர்ன் கட்டு மட்டும் தப்பித்திருந்தது.

"காலர் எங்கடி?" என்றாள் அம்மா.

காலர் பேட்டர்னை நான்தான் புதுசாக வெட்டி வைத்திருந்தேன். அவர் கொடுத்த அதே தாளில். நல்ல கெட்டித் தாள், வீணாக்குவானேன்?

துணிமேல் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் அச்செழுத்துகளுக்கு நடுவே பூட்டின் கோணல் எழுத்து.

'குடியிருப்பவர் பொருட்கள்: தையல் மிஷின் இரண்டு. ஆண்டுக் கட்டணம் செலுத்துபவர்: வீட்டு உரிமையாளர்.'

"என்னடி பாத்துட்டு நிக்கிற, வை" என்றாள் அம்மா.

அதற்குக் கீழே, அவள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டிய இடத்தில், நான் அழகாக வெட்டிய கழுத்து வளைவு.