போஸ்ட்மாஸ்டர் வரும் நேரம்

"மூச்சைக்கூட மெதுவா விடுங்க, ஆர்லிஸ். பெண்மானுங்க வந்தாச்சு. அதுங்க பயமில்லாம மேயறதைப் பார்த்தப்புறம்தான் பெரியவன் காட்டை விட்டுக் காலை வெளியே வைப்பான்" என்றார் டெல்மர், உதடு அசையாமல்.

வேட்டைக்காரர்கள் மறைந்து உட்காரும் பலகைக் கூண்டுக்குள் இரண்டு நாற்காலிகள். எதிரே, ஆர்லிஸ் மான்களுக்காக அறுக்காமல் விட்டிருந்த பன்னிரண்டு வரிசை மக்காச்சோளம் பனியில் நின்றுகொண்டிருந்தது. அயோவாவில் மான் வேட்டைக்கு அந்த ஜனவரி மாலைதான் கடைசி; அதனால் ஆர்லிஸும் கூட வந்து உட்கார்ந்திருந்தாள். சுடுவதற்கு இன்னும் அரை மணி நேர வெளிச்சம் இருந்தால் அதிகம்.

பெரியவன் என்று அவர் சொன்னது பத்துக் கிளைக் கொம்புள்ள ஒரு கலைமானை. சட்டப்படி சுடும் நேரம் முடிந்த ஐந்தாவது நிமிடம் சோளத்துக்குள் ஆஜராகும். மூன்று குளிர்காலமாக ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. அதனால் டெல்மர் அதற்குப் போஸ்ட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

டெல்மரின் மனைவி இறந்த பிறகு மகன் கர்ட் அவரை அரிசோனாவுக்கு வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போஸ்ட்மாஸ்டரைச் சாய்த்துவிட்டுத்தான் இந்த ஊரை விட்டு நகர்வேன் என்று டெல்மர் தீவனக் கடை வாசலில் சபதமே போட்டிருந்தார். ஊருக்கே தெரியும். அரை மைல் தள்ளித் தனியாக வாழும் ஆர்லிஸுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்தக் குளிர்காலத்தில் ஐந்து வாரமாகப் போஸ்ட்மாஸ்டர் ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை. டெல்மரும் அசரவில்லை. நவம்பர் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் பெண்களுக்குப் பின்னால் அலைந்தவன், உடம்பில் கால்வாசி கரைந்திருக்கும், எங்காவது படுத்துத் தேற்றிக்கொள்கிறான் என்றார் முதல் வாரம். பக்கத்துப் பண்ணையில் வெடித்த துப்பாக்கிக்கு மிரண்டுவிட்டான் என்றார் அடுத்த வாரம். பிறகு காற்று சரியில்லை. பிறகு, தெற்குச் சரிவில் வெயில் காய்கிறவன் எழுந்து வரவே இருட்டிவிடுகிறது. ஓடிப்போன மாப்பிள்ளைக்காகக் கல்யாணத் தரகர்கூட இத்தனை சாக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

தினமும் வெளிச்சம் போனதும் டெல்மர் ஆர்லிஸின் சமையலறைக் கதவைத் தட்டுவார். பன்றிக்கறியும் பீன்ஸும் போட்ட சூப்பு கொதித்துக்கொண்டிருக்கும். நாளைய காற்று எந்தத் திசை என்று ஆரம்பித்து ஊர்க்கதை எல்லாம் பேசி, எட்டு மணிக்குத்தான் கிளம்புவார். கணவர் இறந்த ஆறு வருஷத்தில் அந்தச் சமையலறையில் இவ்வளவு பேச்சு கேட்டதில்லை. அது ஆர்லிஸுக்குப் பிடித்திருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"இன்னிக்கும் வரலைன்னா?" என்று கேட்டாள்.

"அஞ்சு வாரம் பட்டினி கிடந்தவன், மகராசி. குளிர் ஏற ஏறப் பயம் தோத்துடும், வயிறு ஜெயிச்சிடும். இன்னிக்கு வருவான்."

ஆர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். டிசம்பர் முதல் வாரம், டவுனிலிருந்து திரும்பும்போது ஓடை வளைவில் அவளுடைய வண்டிக்கு முன்னால் பாய்ந்து, அடிபட்டு, அங்கேயே செத்தது போஸ்ட்மாஸ்டர். யாருக்கும் தெரியாமல் டிராக்டரில் கட்டி இழுத்துப்போய்ப் பள்ளத்தில் தள்ளி மூடினாள். ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு இன்னும் ஒரு வாரம். மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு அந்த மனுஷன் பனியில் நடந்து வருவதை ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் மனசு குறுகுறுத்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் அந்தக் குறுகுறுப்பு போன இடம் தெரியாது.

வெளிச்சம் போய்விட்டது. டெல்மர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை உறைக்குள் வைத்தார். நாளையிலிருந்து இந்தக் கூண்டுக்கு வர அவருக்கு வேலை இல்லை. இப்போது விட்டால் விட்டதுதான் என்று ஆர்லிஸுக்குத் தோன்றியது.

"டெல்மர், அவன் வரமாட்டான். வண்டியை வேலிக் கம்பத்துல இடிச்சிட்டேன்னு சொன்னேனே, அது பொய். இடிச்சது போஸ்ட்மாஸ்டர் மேல. சொன்னா மறுநாளே நீங்க பெட்டி கட்டிடுவீங்கன்னு பயந்து மறைச்சிட்டேன். போகாதீங்கன்னு அப்பவே கேட்டிருக்கணும், தைரியம் வரல. இப்ப கேக்கறேன். போகாதீங்க."

திட்டட்டும், பட்டது போதும் என்று திட்டிவிட்டுப் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். டெல்மரோ கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடைஞ்ச ஹெட்லைட்டை மாத்திக் குடுத்தது நான்தானே, ஆர்லிஸ். உள்ளே பூரா மான் முடி. ரேடியேட்டர்ல போஸ்ட்மாஸ்டரோட கொம்பு நுனி குத்திக்கிட்டு நின்னுச்சு. கர்ட்கிட்ட வரலேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

ஆர்லிஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அப்புறம் எதுக்கு அஞ்சு வாரம் இந்தக் குளிர்ல வந்து உக்காந்தீங்க?"

"வேட்டைக்கு வந்தாத்தானே உங்க வீட்டுக் கதவைத் தட்ட முடியும்?" என்றார் டெல்மர். "குளிரைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். செத்துப்போன மான் ஏன் வரலைன்னு தினமும் ஒரு காரணம் கண்டுபிடிக்கறதுக்குள்ளதான் எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு."